தெரியாமல் உண்டது

தெரியாமல் செய்த பிழைக்குக் குற்றமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. இருபது வருடங்களாக வகுப்பறையில் நானும் அதைச் சொல்லித்தான் வருகிறேன். ஆனால் ஒருவர் தெரியாமல் செய்ததை இன்னொருவர் தெரிந்துகொண்டுவிட்டால், அந்தத் தெரிந்தவரின் நிலை என்ன? சொல்லிவிட வேண்டுமா? மறைக்கலாமா? மறைப்பதற்காகப் பொய்யும் சொல்லலாமா? இந்தக் கேள்விகள் எனக்குக் கிதாபுகளிலிருந்து வரவில்லை. கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வந்து சேர்ந்தன.

2016 ஆம் ஆண்டு உம்மாவின் விழித்திரையில் கோளாறு இருப்பதாக டொக்டர் சொன்னார். மாதத்துக்கு ஒருமுறை கண்டியில் கிளினிக். மாத்தளைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து சுபஹு தொழுத கையோடு பஸ் ஏறினால்தான் நேரத்துக்கு இலக்கம் எடுக்கலாம். கண்ணில் மருந்து விட்டு, கருமணி விரிந்த பிறகுதான் பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரத்துக்கு உம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது. தெருவில் நடக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். முதல் மாதம் மழையும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் தெரிந்த ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம். வெள்ளைக்காரர்கள் வந்துபோகிற, மேசைக்கு விரிப்புப் போட்ட கடை. இறைச்சி வகைகளை நாங்கள் அங்கே உண்ண முடியாது. எனவே ‘இனிப்பு ஏதாவது எடுத்தால் பாதுகாப்பு’ என்று நான் முடிவு செய்தேன். இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம்.

பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. இனிப்புகளின் வரிசையில் ‘கிராண்ட் மார்னியே சொக்லட் மூஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கிராண்ட் என்றால் பெரிய, சிறப்பான என்று பொருள். மார்னியே என்பது அதைக் கண்டுபிடித்த சமையற்காரரின் பெயராக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சொக்லட் உம்மாவுக்குப் பிடிக்கும். ஒன்று சொன்னேன், இரண்டு கரண்டியோடு.

எங்கள் உம்மாவின் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் எந்தக் கலியாண வீடானாலும் வட்டிலப்பத்துக்கு உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். நூறு முட்டை, இருநூறு முட்டைக் கணக்கில் அடித்து ஊற்றிய கை. கித்துள் கருப்பட்டியை ஒரு சுண்டு வாயில் போட்டாலே அதில் சீனி கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்தக் கருப்புப் பண்டத்தை முதல் கரண்டி எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணைத் திறக்கவும் இல்லை. இரண்டாவது கரண்டிக்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

“மகன், இது குளிராத்தான் ஈக்கிது. ஆனா நெஞ்சுக்குள்ள சூடா எறங்குது.”

அன்றிலிருந்து கிளினிக் என்றால் உம்மாவுக்கு அந்தக் கடைதான். கண்ணுக்கு ஊசி போடுவதென்றால் யாருக்கும் பயம் வரும். உம்மா அந்தப் பயத்தை அந்தக் கிண்ணத்தைக் காட்டித்தான் கடந்தார் என்று நினைக்கிறேன். விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல்தான். இருந்தாலும் மாதம் ஒருமுறை, ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி. எட்டு மாதம் போனோம். ஒவ்வொரு முறையும் அதை ஆராய்ச்சி செய்வார். தோடம்பழத் தோல் இருக்கிறது, ஆனால் தோல் இல்லாமல் மணம் மட்டும் எப்படி வந்தது? முட்டையின் வெள்ளையா, பாலாடையா? அந்தச் சூடு கறுவாவா? வீட்டில் செய்து பார்க்க வேண்டும், கடைக்காரரிடம் கேட்டுச் சொல் என்று என்னை அரித்துக்கொண்டிருந்தார்.

அப்படிக் கேட்கப் போய்த்தான் எனக்குத் தெரியவந்தது. என்னிடம் படித்த பையன் ஒருவன் கண்டியில் ஹோட்டல் சமையலறையொன்றில் வேலை செய்கிறான். மாத்தளை பஸ் நிலையத்தில் சந்தித்தபோது பெயரைச் சொல்லி இதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். தன் தொழிலைப் பற்றி ஆசிரியர் கேட்கிறார் என்ற பெருமை அவன் முகத்தில் தெரிந்தது.

“அதுல லிக்கர் போடுற சேர். கிராண்ட் மார்னியேண்டு செல்றது அந்தப் போத்தல்ட பேருதான். தோடம்பழ மணம் அதுலருந்துதான் வார.”

பஸ் புறப்படுகிறது என்று சொல்லி அவனிடமிருந்து விலகினேன். பிறகு விசாரித்து அறிந்தது இது: பிரான்ஸில் செய்யப்படும் மதுவகை அது. கொனியாக் எனப்படும் திராட்சை மதுவில் கசப்புத் தோடையின் தோல் மணத்தைச் சேர்த்து இனிப்பூட்டியது. நூற்றுக்கு நாற்பது பங்கு மதுசாரம். அடுப்பில் வைத்தால் மதுசாரம் பறந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அடுப்பில் வைத்தாலும் முழுதாகப் பறந்துவிடுவதில்லை என்பது ஒருபுறமிருக்க, மூஸ் அடுப்பையே காணாத பண்டம். சொக்லட்டைச் சூட்டில் உருக்குவார்கள், அவ்வளவுதான். பிறகு அடித்த முட்டை வெள்ளையையோ பாலாடையையோ கலந்து குளிரூட்டிவிடுவார்கள். ஊற்றியது ஊற்றியபடியே உள்ளே இருக்கும். உம்மா எட்டு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்த ‘நெஞ்சுக்குள் இறங்கும் சூடு’ வேறெதுவுமல்ல, அதுவேதான்.

அறுபது வருடமாக ஒரு வக்து தொழுகையைத் தவறவிடாத மனுஷி.

அடுத்த மாதக் கிளினிக் வந்தது. இனி அங்கே போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் எப்படிப் போகாமல் இருப்பது? ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த உம்மா என் கையைப் பிடித்தபடி தானாகவே அந்தத் தெருவுக்குத் திரும்பினார். உள்ளே போய் உட்கார்ந்தோம். நான் கை கழுவுவதுபோல எழுந்து போய், எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்த சிங்களப் பையனிடம் மெதுவாகச் சொன்னேன்: அம்மா கேட்டால் அது முடிந்துவிட்டது என்று சொல்லு. ஏன் என்று அவன் கேட்கவில்லை. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மேசைக்கு வந்து, உம்மாவின் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு முடிந்துவிட்டது அம்மா என்று சொன்னான். ஒரு ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தான். பரவாயில்லை, அடுத்த மாதம் சாப்பிடலாம் என்றார் உம்மா.

அடுத்த மாதம் கடை திருத்த வேலைக்காக மூடியிருப்பதாக நானே சொன்னேன். மருந்து விட்ட கண்ணுக்கு அந்தக் கடையின் கதவு திறந்திருப்பது தெரியாது என்பதை நான் கணக்கிட்டிருந்தேன். இப்போது நினைத்தால் எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது அந்தக் கணக்குத்தான்.

மூன்றாவது பொய்க்கு இடம் வைக்காமல் பண்டத்தை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். மது இல்லாமல், அதே உருவத்தில், அதே சுவையில் செய்து கொடுத்துவிட்டால் உம்மா கடையை மறந்துவிடுவார், நானும் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு பொய்யை இறைச்சி மூடி வைப்பதுபோல ஒரு கிண்ணத்தால் மூடிவிடலாம் என்ற யோசனை அது.

மூஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நுரை என்று பொருள். நுரையைப் பிடித்து வைப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு முதல் நாளே விளங்கியது. பேக்கரிக்காரர்கள் வாங்கும் ‘குக்கிங் சொக்லட்’ கட்டியை வாங்கி வந்து, கொதிநீர்ச் சட்டியின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். ஆவியில் இருந்து ஒரு துளி நீர் விழுந்தது. பளபளவென்று இருந்த சொக்லட் ஒரு நொடியில் இறுகி, ஈர மணல்போல ஆகிவிட்டது. இரண்டாவது நாள் நீர் விழாமல் பார்த்துக்கொண்டேன். முட்டை வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சட்கரு விழுந்திருந்தது, எவ்வளவு அடித்தும் நுரைக்கவில்லை. மூன்றாவது நாள் எல்லாம் சரியாக வந்தபோது, வயதானவருக்குப் பச்சை முட்டையா கொடுக்கப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அதுவும் நியாயம்தான். முட்டையை விட்டு, கண்டியிலிருந்து பாலாடை வாங்கி, ஐஸ் கட்டியோடு பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அப்போதும் வாயில் மெழுகு ஒட்டியதுபோல இருந்தது. அந்த மலிவான கட்டியில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு மரக்கறிக் கொழுப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொதியின் பின்பக்கத்தைப் படித்துத்தான் அறிந்தேன். பட்டியல்களைப் படிக்கும் பழக்கம் எனக்கு அதற்குள் வந்திருந்தது! கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். நம் உடம்பின் வெப்பம் 37. ஆகவேதான் நல்ல சொக்லட் கையில் கட்டியாக இருந்து வாய்க்குள் போனதும் கரைகிறது. நல்ல கட்டி வாங்கினேன். பிபிலைத் தோடம்பழம் இரண்டின் தோலை, உள்ளே இருக்கும் வெள்ளை சேராமல் மெல்லச் சீவி, சீனியோடு சேர்த்து விரலால் தேய்த்தேன். தோலின் எண்ணெய் சீனியில் இறங்கி, சீனி ஈரமாகி, வீடெல்லாம் மணத்தது. அதைச் சேர்த்துச் செய்ததை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உம்மாவுக்குக் கொடுத்தேன்.

உண்டார். தலையசைத்தார். “நல்லாத்தான் ஈக்கிது மகன். ஆனா அந்தச் சூடு இல்ல.”

அந்தச் சூட்டுக்காக நான் அடுத்து என்னவெல்லாம் செய்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இஞ்சிச் சாறு விட்டுப் பார்த்தேன். கறுவாவை வறுத்துத் தூளாக்கிப் போட்டேன். மிளகு ஒரு சிட்டிகை. இஞ்சி நாக்கில் சுட்டது, நெஞ்சுக்கு இறங்கவில்லை. ஒருநாள் மாத்தளைக் கடையில் கேக் சாமான்கள் வைத்திருந்த தட்டில் ‘ரம் எசன்ஸ்’ என்று எழுதிய சிறு போத்தலைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன். அப்போதுதான் நான் எதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மதுவை நீக்கிய பண்டத்தைச் செய்வதாகத் தொடங்கியவன், இரண்டு மாதமாக மதுவை மட்டும் தனியாகப் பிரித்து அதற்குப் போலி செய்துகொண்டிருந்தேன். சொக்லட்டும் பாலாடையும் முதல் வாரத்திலேயே சரியாகிவிட்டிருந்தன. போத்தலைத் திரும்ப வைத்தேன்.

மனம் வேறு வழியும் தேடியது. எங்கள் கிணற்றடியில் இரண்டு கொக்கோ மரங்கள் நிற்கின்றன. மாத்தளை, கண்டி, குருணாகல் பக்கத்தில் கொக்கோ பழைய பயிர். காயை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெள்ளைச் சதை இருக்கும். சிறுவயதில் அதைச் சப்பித் துப்பிய விதைகளை உம்மா திட்டிக்கொண்டே பொறுக்குவார். அந்த விதையை அப்படியே வறுத்தால் சொக்லட் சுவை வராது. சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விட வேண்டும். முதலில் மதுவம் வேலை செய்து சதையின் இனிப்பை மதுசாரமாக்கும். (விஞ்ஞானப் புத்தகத்தில் ஈஸ்டுக்குத் தமிழில் மதுவம் என்று பெயர் வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்.) பிறகு வேறு நுண்ணுயிர்கள் வந்து அந்த மதுசாரத்தை வினாகிரியின் அமிலமாக மாற்றும். குவியல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை சாகும். சொக்லட்டின் சுவைக்கு வித்து அங்கேதான் விழுகிறது. அதாவது உலகத்துச் சொக்லட் எல்லாம் ஒருமுறை மதுவைக் கடந்து வந்ததே. எங்கள் வட்டிலப்பத்தின் கருப்பட்டியோ கித்துள் மரத்திலிருந்து வருகிறது. முட்டிக்குள் மரப்பட்டையோ சுண்ணாம்போ இட்டுப் புளிக்காமல் காத்து, இறக்கிய உடனே காய்ச்சினால் பாணி. அப்படியே விட்டுவிட்டால் அதே நீர் கள். அச்சாறுக்கு ஊற்றுகிற தென்னை வினாகிரி கள்ளாக இருந்து மாறியதுதான். மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது தூய்மையானது என்று நமது ஷாஃபிஈ மத்ஹபும் சொல்கிறது.

இவ்வளவையும் ஒருநாள் இரவு வரிசையாக நினைத்துப் பார்த்து, அப்படியானால் எல்லாமே கலந்ததுதானே, இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லப் பார்த்தேன். அது நிற்கவில்லை. மத்ஹபின் அதே சட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. எதையாவது உள்ளே போட்டு வேண்டுமென்று மாற்றினால் அது தூய்மையாகாது. கொக்கோவிலும் வினாகிரியிலும் மது மாறிப் போய்விடுகிறது. கிண்ணத்தில் அது மாறாமல் இருந்தது. வாதத்தில் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. எனக்கு வசதியாக இருந்ததனால்தான் அதை அவ்வளவு நீளமாகக் கட்டியிருக்கிறேன்.

ஊரில் எனக்கு நெருக்கமான ஒரு மௌலவி இருக்கிறார், சிறுவயதுத் தோழர். பெயர் சொல்லாமல், யாரோ ஒருவர் என்று வைத்து அவரிடம் கேட்டேன். அவருக்கு அது யார் என்று விளங்கியிருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. தெரியாமல் உண்டதற்குப் பாவமில்லை என்றார். ஆனால் தொழப் போகிற ஒருவரின் உடையில் அசுத்தம் இருப்பதைக் கண்டவர் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று நூல்களில் இருக்கிறது என்றும் சொன்னார். நான் உடனே பிடித்துக்கொண்டேன்: தொழப் போகிறவருக்குத்தானே அறிவிக்க வேண்டும்? தொழுது முடித்து வீட்டுக்குப் போய்விட்டவரைத் துரத்திக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டுமா? இனி நடக்கப்போவதைத் தடுக்கத்தான் அறிவித்தல். நடந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வயதானவரின் நிம்மதி கெடும், வேறொன்றும் இல்லை. இனி அவர் உண்ணாதபடி பார்த்துக்கொண்டால் கடமை முடிந்தது.

அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “எப்படிப் பார்த்துக்கொள்றார் அந்த ஆள்?” என்று கேட்டார். நான் வேறு கதைக்கு மாறிவிட்டேன்.

அந்தக் கேள்வி என்னைப் பழைய வகுப்பறைக்குக் கொண்டு போனது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் ஜேர்மன் மெய்யியலாளர் கான்டின் கதையைச் சொன்னார். உன் நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் உன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா? 1797 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் கான்ட். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) இஹ்யாவில் நாவின் கேடுகளைப் பற்றி எழுதும் பகுதியில் இதைவிட மனிதத்தோடு பேசுகிறார். பேச்சு ஒரு நோக்கத்தை அடைவதற்கான வழி. நல்ல நோக்கமொன்றை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றால் அங்கே பொய் விலக்கப்பட்டது. பொய்யால் மட்டும்தான் அடைய முடியும் என்றால் அங்கே இடமுண்டு. அப்பாவி ஒருவரின் உயிர் தப்ப வேண்டுமானால் பொய் சொல்வது கடமையாகவே ஆகிவிடும். மாணவனாக இருந்தபோது கஸ்ஸாலி கதவைத் திறந்துவிடுகிறார், கான்ட் அடைத்துவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். என் விடயத்தை வைத்துப் பார்த்தபோதுதான் கஸ்ஸாலியின் கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பது தெரிந்தது. உம்மா இனி அதை உண்ணக் கூடாது என்பது நோக்கம். அதை உண்மையால் அடைய முடியாதா? “உம்மா, அதுல மது கலக்குறாங்க, இனி வேணாம்.” ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் கண் தெரியாத தாயின் முன்னால் கடைக்கதவை மூடியிருக்கத் தேவையில்லை.

சொல்லாததற்குக் காரணம் உம்மாவின் நிம்மதி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தோண்டியபோது அடியில் வேறொன்று கிடந்தது. உம்மா பாடசாலைக்குப் போனவரல்ல. அரபுத் தமிழில் அச்சிட்ட பழைய கிதாபுகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். ஆனால் தன் மகன் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன் என்பதில் ஊரறிந்த பெருமை அவருக்கு. கண்டியில் அந்த மேசையில் பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததும் அதனால்தான். கடைக்காரர் எதையும் ஒளிக்கவில்லை. பெயரிலேயே எழுதி வைத்திருந்தார். வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமல் விட்டான், விளங்காததைக் கேட்கவும் வெட்கப்பட்டான். உம்மா தெரியாமல் உண்டதில் உம்மாவுக்குப் பாவமில்லை. நான் முதல் எட்டு மாதம் உண்டதில் எனக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியுமா? தெரியாமல் இருப்பதற்கும், தெரிந்துகொள்ளச் சோம்பியிருப்பதற்கும் இடையில் எங்கே கோடு கீறுவது என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பரீட்சைத் தாளில் ‘வினாவை நன்கு வாசிக்கவும்’ என்று சிவப்பு மையால் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படியிருக்க, ஒருநாள் மஃரிபுக்குப் பின் உம்மாவே கேட்டார்.

“அந்தக் கடைய இன்னும் தெறக்கல்லயா மகன்?”

மூன்றாவது பொய் நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பட்டியலில் இருந்த பெயர், பஸ் நிலையத்தில் சந்தித்த பையன், கை கழுவப் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தது, மூடாத கடையை மூடியது, வீட்டில் இஞ்சி சேர்த்தது எல்லாவற்றையும். உம்மா கையில் தஸ்பீஹோடு கேட்டுக்கொண்டிருந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். என்னை ஏசுவார் என்றும் எதிர்பார்த்தேன். ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்று ஒருமுறை மெல்லச் சொன்னார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கேட்டார்: “அந்தப் புள்ளய ஏன் பொய் செல்ல வெச்சாய்?”

எந்தப் பிள்ளை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்த பையனைப் பற்றிக் கேட்கிறார். எட்டு மாதமாக அவனுடைய முகத்தை உம்மா சரியாகப் பார்த்ததுகூட இல்லை. குரலைத்தான் தெரியும். நான் தோண்டிப் பார்த்த எந்தக் கணக்கிலும் அவன் வரவில்லை. உம்மா உண்டது, நான் மறைத்தது, யாருக்கு எவ்வளவு பாவம், கஸ்ஸாலி என்ன சொன்னார், கான்ட் என்ன சொன்னார் என்று எத்தனையோ இரவுகள் யோசித்தவனுக்கு, என் மதத்தையும் அறியாத, என் காரணத்தையும் அறியாத ஒருவனின் வாயால் பொய்யைச் சொல்ல வைத்தேன் என்பது ஒருதடவைகூடத் தோன்றவில்லை. அவன் அதை ஒரு வாடிக்கையாளரின் கட்டளையாகத்தான் எடுத்திருப்பான், மறந்தும் போயிருப்பான் என்று சொன்னேன். உம்மா பதில் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் உம்மா அந்தத் தெருவுக்குத் திரும்பியபோது நான் தடுத்தேன். “திங்கிறதுக்கு இல்ல, வா” என்றார். உள்ளே போய் வழமையான மேசையில் உட்கார்ந்தோம். வந்து நின்றது வேறொரு பையன். உம்மா தன் உடைந்த சிங்களத்தில் பழைய பையனைப் பற்றி விசாரித்தார். போன மாதமே விலகிவிட்டான் அம்மா, கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான் என்றான் அவன். பெயர் என்ன என்று உம்மா கேட்டார். சொன்னான். உம்மா அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெறுந்தேநீர் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். பையன் பட்டியலை நீட்டினான். நான் வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். உம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.